மேரி ஸ்லெசர்: ஞாயிறு பள்ளியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளியிலும் மே மாத வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலுமாகப் பதினெட்டு வருடங்களாகக் கதை சொல்கிறேன். மற்ற மிஷனெரி கதைகள் முடிந்ததும் பிள்ளைகள் பிஸ்கட்டுக்கு ஓடுவார்கள். மேரி ஸ்லெசர் கதை முடிந்தால் மட்டும் இரண்டு மூன்று பேர் பின்தங்குவார்கள். செருப்பைத் தேடுகிற மாதிரி நின்று, கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்பார்கள். பிறகு தாய்மார்கள் கேட்பார்கள், விடுதியில் வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள், புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்கள் போனில் கேட்பார்கள். கேள்விகள் என்னவோ அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

மேரி ஸ்லெசர்னா யாரு? பைபிள் வாங்க வெறுங்காலோட நடந்து போன பொண்ணா?

இல்லை. அது மேரி ஜோன்ஸ், வேல்ஸ் நாட்டுப் பெண். 1800-இல் பாலா என்ற ஊருக்கு நடந்து போனவர். பெயரும் ஒன்று, ஏழ்மையும் ஒன்று என்பதால் குழம்பிவிடுகிறது.

மேரி ஸ்லெசர் ஸ்காட்லாந்துக்காரர். 1848 டிசம்பர் 2 அன்று அபர்டீனில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இரண்டாமவர். 1859-இல் குடும்பம் டண்டி நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 11 வயதில் மில் வேலைக்குப் போனார். 27 வயதில், 1876-இல், இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கலபாருக்கு மிஷனெரியாகப் போனார். 1915 ஜனவரி 13 அன்று அங்கேயே இறந்தார். 1990களின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளைடெஸ்டேல் வங்கி வெளியிட்ட பத்து பவுண்டு நோட்டில் அவர் படம் இருந்தது. நோட்டில் படம் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், அதற்காகவே அதை முதலில் சொல்லிவிடுவேன்.

வெள்ளைக்காரங்க நாடுதானே, அங்க என்ன பெரிய கஷ்டம்?

டண்டி அந்தக் காலத்தில் சணல் நகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் போன சணல் அங்கே திமிங்கில எண்ணெயில் ஊறி, நூலாகி, சாக்காகி உலகமெல்லாம் போயிற்று. பெண்களையும் பிள்ளைகளையும் வைத்தால் கூலி குறைவு, அதனால் மில்களில் அவர்கள்தான் அதிகம். ஆண்கள் பலருக்கு வேலை கிடையாது. ஒற்றை அறையில் ஒரு குடும்பமே படுத்து எழுந்திருக்கும். சளி, நிமோனியா என்று வீட்டுக்கு வீடு சாவு. ஸ்லெசர் வீட்டிலும் ஏழு பிள்ளைகளில் பலர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். சாம்ராஜ்யத்தின் லாபம் மில் முதலாளி வீட்டுக்குத்தான் போனது, மில்காரி வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு திருத்தம். தமிழில் எல்லோரும் அவரைச் ‘சணல் மில் பெண்’ என்கிறோம், நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அவர் வேலை பார்த்த பாக்ஸ்டர் பிரதர்ஸ் மில், சணலைவிட லினன் துணிக்கும் கப்பல் பாய்த்துணிக்கும் பேர்போனது. பிள்ளைகளுக்கு இது முக்கியமில்லை. வகுப்பெடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

அவங்க அப்பா என்ன வேலை பார்த்தாரு?

ராபர்ட் ஸ்லெசர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடி. அபர்டீனில் குடியால் வேலை போனது. புது ஊருக்குப் போனால் பழைய சேக்காளிகள் இருக்க மாட்டார்கள், மனுஷன் திருந்துவார் என்று நம்பித்தான் குடும்பம் டண்டிக்கே வந்தது. ஊர் மாறியது, குடி மாறவில்லை. கொஞ்சநாளில் செருப்புத் தொழிலையும் விட்டு மில்லில் கூலி வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை சம்பள நாள். அம்மாவும் மேரியும் தூங்காமல் காத்திருப்பார்கள். தாங்கள் அரை வயிறாக இருந்து அவருக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டை, வந்ததும் வராததுமாக அடுப்புத் தீயில் வீசி எறிந்திருக்கிறார். சில ராத்திரிகளில் மேரி தெருவுக்கு ஓடி, இருட்டில் அழுதுகொண்டே நடந்திருக்கிறாள். இந்த இடத்தில் என் வகுப்பில் சத்தமே இருக்காது.

பதினோரு வயசுப் பிள்ளைய வேலைக்கு வச்சா போலீஸ் பிடிக்காதா?

இன்று நம் நாட்டில் 14 வயதுக்குக் கீழே மில்லில் வைத்தால் குற்றம். அன்று அங்கே சட்டமே அனுமதித்தது. ‘அரை நேரக்காரர்’ என்று பெயர். பாதி நாள் மில், பாதி நாள் மில் நடத்தும் பள்ளிக்கூடம். அதற்கு முன்பிருந்த நிலையை நினைத்தால் அதுவே ஒரு சீர்திருத்தம்தான். ஆறு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்ற பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன படித்திருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

14 வயதில் முழுநேர நெசவுக்காரி ஆகிவிட்டார். காலை 6 மணிக்குச் சங்கு, மாலை 6 மணிக்குத்தான் வெளியே. நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் இடைவேளை. அம்மாவும் மில்லுக்குப் போனதால் வீட்டு வேலையும் மேரி தலையில். வீட்டில் நம்பக்கூடிய சம்பளம் என்றால் அது அவருடையதுதான். தறியின் ஓரத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்து, நூல் அறாத நேரத்தில் இரண்டு வரி வாசித்துக்கொள்வார். இதே பழக்கம் ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனுக்கும் இருந்தது. அவரும் பத்து வயதில் பஞ்சாலைக்குப் போனவர்.

அவங்க அம்மா ஏன் யார்கிட்டயும் சொல்லல?

வெட்கம். அம்மா நெசவுக்காரி, பக்தியுள்ளவர், ஞாயிறு தவறாமல் பிள்ளைகளைத் துவைத்த உடுப்பில் ஆலயத்துக்குக் கூட்டிப்போனவர். வீட்டுக்குள் நடப்பது சபையில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். அப்பா சம்பளத்தைக் குடித்துத் தீர்த்த வாரங்களில் மேரி ஒரு மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். காசை வாங்கிக்கொண்டு வந்து கடனை அடைப்பார்கள்.

சில கதை சொல்லிகள் இந்த அம்மாவின் பொறுமையைப் புகழ்வார்கள். நான் புகழ்வதில்லை, குறை சொல்வதும் இல்லை. 1860களில் ஒரு பெண் வெளியே சொல்லியிருந்தால் யார் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள்? ஆனால் அந்த மௌனத்தின் சுமை முழுக்க ஒரு சிறுமியின் கக்கத்து மூட்டையில் இருந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்வேன்.

டீச்சர், அவங்க அப்பா கடைசி வரைக்கும் திருந்தவே இல்லையா?

இல்லை. மேரி டண்டியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார், குடி விடாமலே.

என் தவறு ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சில வருடங்கள் இந்தக் கதையை ‘மேரி ஜெபித்தாள், அப்பா மனந்திரும்பினார்’ என்று முடித்திருக்கிறேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. கதை நன்றாக முடியட்டுமே என்று நானே ஒட்டவைத்தது. ஒரு வி.பி.எஸ்.ஸில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்தங்கி நின்று, “எத்தனை நாள் ஜெபிச்சாங்க டீச்சர்?” என்று கேட்டான். கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் வைத்து, எண்ணத் தயாராக நின்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்குப் பிறகு கதையை உள்ளபடிதான் சொல்கிறேன்.

அப்ப ஜெபம் கேட்கப்படலைன்னுதானே அர்த்தம்?

அப்பா விஷயத்தில், கேட்டது கிடைக்கவில்லை. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன். குடிக்கிறது அப்பா, கணக்குக் கேட்கிறது பிள்ளையிடமா?

குடிநோய் ஒரு நோய். நீரிழிவுக்கும் ஜெபிக்கிறோம், மாத்திரையும் போடுகிறோம். வருடக்கணக்காகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ராபர்ட் ஸ்லெசர் காலத்தில் அதற்கு வழி இல்லை. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம்.

மேரி எப்ப இரட்சிக்கப்பட்டாங்க?

டண்டியில், சிறுமியாக இருந்தபோது. அவர்கள் தெருப்பக்கம் ஒரு வயதான விதவை இருந்தார். வெளியே ஆடித் திரியும் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கணப்பருகே உட்காரவைப்பார். ஒரு குளிர்கால மாலையில் தீயைக் காட்டி, இதில் கையை வைத்தால் எப்படிச் சுடும், மனந்திரும்பாவிட்டால் ஆத்துமா அப்படித்தான் என்றென்றைக்கும் எரியும் என்று சொன்னார். மேரிக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. அந்தப் பயத்தில்தான் முதலில் ஆண்டவரிடம் வந்தார்.

ஆனால் பின்னால் தன் வாழ்நாளில் யாரையும் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி அவர் அழைக்கவில்லை. அன்பைச் சொல்லித்தான் அழைத்தார். பயம் அவரை வாசல் வரைக்கும் கொண்டுவந்தது, உள்ளே பார்த்தது வேறு ஒன்று. வகுப்பில் தீக்குச்சி கொளுத்திக் காட்டும் சகோதரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரவுடிப் பசங்க இரும்புக் குண்டைச் சுத்தின கதை நிஜமா?

நிஜம்தான், ஈயக் குண்டு. அவர் சேர்ந்த சபை டண்டியின் குவீன் தெருப் பக்கம், சேரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியது. மேரி அங்கே டீச்சர். தெருவில் ஒரு கும்பல் வழிமறித்தது. தலைவன் கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை அவர் தலையைச் சுற்றிச் சுழற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் நெருக்கமாக வந்தது. நெற்றியை உரசுகிற தூரம் வரை வந்தும் அவர் கண்ணை மூடவில்லை. கடைசியில் அவனே கயிற்றை விட்டான். ‘துணிஞ்சவதான்டா’ என்கிற மாதிரி ஏதோ சொல்லி, கூட்டாளிகளோடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது, ‘நீங்களும் இப்படி நில்லுங்கள்’ என்று சேர்த்துவிடாதீர்கள். யாராவது கல்லை ஓங்கினால் ஓடத்தான் வேண்டும். மேரி நின்றதற்குக் காரணம் தைரியம் மட்டுமில்லை என்று எனக்குத் தோன்றும். சனிக்கிழமை ராத்திரிகளில் வளர்ந்த பிள்ளைக்கு, கத்துகிறவன் அடிப்பானா, சும்மா மிரட்டுகிறானா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

காலேஜ் படிக்காம எப்படி மிஷனெரி ஆனாங்க?

அவர்கள் சபை மாதம் ஒரு மிஷன் பத்திரிகை வெளியிட்டது. அம்மா அதை வீட்டில் சத்தமாக வாசிப்பார், அதில் கலபார் செய்தி வரும். மகன் ராபர்ட் மிஷனெரி ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவன் இறந்துபோனான். அடுத்த மகன் ஜானை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்த கொஞ்சநாளில் அவனும் இறந்தான். மகள் போகலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

1874-இல் லிவிங்ஸ்டனின் மரணச் செய்தி ஸ்காட்லாந்தை உலுக்கியது. அடுத்த வருடம் மேரி விண்ணப்பம் போட்டார். மில்லில் பத்துப் பதினைந்து வருட உழைப்பு, சேரி வகுப்பில் பல வருட அனுபவம், தானே வாசித்துச் சேர்த்த அறிவு. இவைதான் தகுதி. எடின்பரோவில் சில மாதப் பயிற்சி. சம்பளம் வருடத்துக்கு 60 பவுண்டு.

போகும்போதாவது குடிகாரங்க தொல்லையில இருந்து தப்பிச்சாங்களா?

அதைக் கேளுங்கள். 1876 ஆகஸ்ட் 5, லிவர்பூல் துறைமுகம், ‘எத்தியோப்பியா’ என்ற கப்பல். மேரி ஏறப்போகும் அதே கப்பலில் பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஆப்பிரிக்கக் கரைக்கு வியாபாரத்துக்கு. இத்தனை பீப்பாய்க்கு ஒரே ஒரு மிஷனெரியா என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எந்தச் சனியனை விட்டு விலகினாரோ, அதோடுதான் கடல் பயணமும். போய் இறங்கிய இடத்திலும் கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் ஜின்னும் ரம்மும்தான்.

வீட்டுல அம்மாவும் தங்கச்சிகளும் இருக்கும்போது விட்டுட்டுப் போனது சரியா?

இதை விடுதிப் பிள்ளைகள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஏன் என்று புரியும். அவர் பணம் அனுப்புவதை நிறுத்தவே இல்லை. 1880-இல் இரண்டாம் முறை கலபார் போனபோது, கப்பலில் வரும் இங்கிலீஷ் சாப்பாட்டை விட்டுவிட்டு ஊர்க்காரர்கள் சாப்பிடும் கிழங்கையும் வாழையையும் சாப்பிட்டார். அந்தச் சேமிப்பு டண்டிக்குப் போயிற்று. பட்டினி கிடந்து குடும்பத்தைக் காப்பது அவருக்குப் பழகிய வேலைதானே.

1880களின் நடுவில் இரண்டு தங்கைகளும் அம்மாவும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். பிரிட்டனைவிட எனக்குப் பரலோகம்தான் இப்போது பக்கம், உள்நாட்டுக்குப் போனால் கவலைப்பட யாரும் இல்லை என்று எழுதினார். துக்கமும் விடுதலையும் ஒன்றாகக் கலந்த வரி அது. 1888-இல் யாரும் போகத் தயங்கிய ஒக்கோயோங் பகுதிக்குக் குடிபோனார்.

சின்ன வயசுல பட்ட கஷ்டம் அங்க எதுக்காவது உதவுச்சா?

உதவியது. அதற்கு ஒரு சம்பவம் போதும்.

ஒக்கோயோங்கில் எக்கெங்கே என்ற ஊர்த் தலைவர் எடெம். அவர் மகன் எடிம் கல்யாணத்துக்காகப் புது வீடு கட்டும்போது மரம் சரிந்து விழுந்து, சில நாள் படுக்கையில் கிடந்து இறந்தான். அந்த ஊர் நம்பிக்கையில் வாலிபச் சாவு இயற்கையாக வராது, யாரோ சூனியம் வைத்திருக்க வேண்டும். மந்திரவாதி பக்கத்து ஊரைக் கைகாட்டினான். ஏழெட்டுப் பேருக்கு மேல் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். எசெரே என்ற விஷ அவரையை அரைத்துக் குடிக்கவைப்பார்கள். செத்தால் குற்றவாளி, வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. (அதே அவரையிலிருந்துதான் கண் அழுத்த நோய்க்கு மருந்து எடுத்தார்கள் என்பது வேறு கதை.)

மேரி முதலில் செய்தது, செத்தவனுக்கு மரியாதை. தன்னிடம் இருந்த நல்ல துணிகளையெல்லாம் எடுத்து உடுத்தி, தலைக்கு அலங்காரத் தொப்பி வைத்து, குடை நிழலில் உட்காரவைத்து, எதிரில் கண்ணாடியும் வைத்தார். ஜனங்கள் பூரித்துப்போனார்கள். ஆட்டம், மேளம், சாராயம் தொடங்கியது. அதன்பின் அவர் கைதிகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரவும் பகலுமாக, உடன் ஊழியர் ஒருவரோடு முறைவைத்துக் காவல். குடித்தவர்கள் கத்தினார்கள், மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவராக விடுவித்தார்கள். ஒரு மனித உயிர் போகாமல் அடக்கம் முடிந்தது.

குடித்தவனோடு எப்போது பேசலாம், எப்போது வாயைத் திறக்கக் கூடாது, எந்த வார்த்தை அவனைக் குளிரவைக்கும், விடியும்வரை தூங்காமல் எப்படி உட்காருவது. இதெல்லாம் எடின்பரோ பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற பாடமில்லை.

அவங்களுக்குப் பயமே கிடையாதா?

நிறைய உண்டு. பசுமாடு நிற்கிற வயலைக் கடக்கப் பயம். விடுமுறைக்கு ஸ்காட்லாந்து வந்தால் தெருவைத் தாண்டப் பயம். கூட்டத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தால் மேடையில் பேச வாய் வராது. காட்டில் சிறுத்தை உறுமும் பாதையில் ராத்திரியில் நடந்தவர்தான். அப்படி நடக்கும்போது உரக்கப் பாடிக்கொண்டே போவார். பசுமாடு விஷயத்தைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுவார்கள், பிறகு அவரை நெருக்கமாக நினைக்கத் தொடங்குவார்கள்.

இரட்டைக் குழந்தைகளைக் கொல்றதை அவங்க தனி ஆளாவா நிறுத்தினாங்க?

அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று பேயின் பிள்ளை, எது என்று தெரியாது என்ற பயத்தில் இரண்டையும் சாகவிட்டுத் தாயையும் துரத்தினார்கள். கலபார் மிஷன் 1846-லேயே தொடங்கிவிட்டது. முதலில் வந்தவர்களில் ஜமைக்காவின் கறுப்பினக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களும், மனம் மாறிய உள்ளூர்த் தலைவர்களும் முப்பது வருடம் போட்ட பாதையில்தான் மேரி நடந்தார். அவர் அந்தப் பாதையைக் காட்டுக்குள் நீட்டினார். தூக்கிவந்த குழந்தைகளைத் தன் வீட்டிலேயே வளர்த்தார். மூத்தவள் ஜேனி, தங்கையின் பெயரை வைத்தது, இரட்டையரில் தப்பிய ஒருத்தி. 1898-இல் நான்கு பெண்பிள்ளைகளோடு ஸ்காட்லாந்துக்கே வந்து இறங்கினார்.

மா எமே என்ற பெண்ணையும் சொல்ல வேண்டும். தலைவர் எடெமின் சகோதரி, விதவை. எங்காவது கொலைக்கோ விஷப் பரீட்சைக்கோ ஏற்பாடு நடந்தால், மருந்து ஊற்றித் தரச் சொல்லி ஒரு காலிப் புட்டியை மேரிக்கு அனுப்புவார். அதுதான் ரகசிய அடையாளம், உடனே புறப்பட்டு வா என்று. மா எமே கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. அவர் இல்லாவிட்டால் மேரிக்குப் பாதி விஷயம் தெரிந்தே இருக்காது.

‘காட்டுமிராண்டிகள்’ என்ற சொல்லைத் தயவுசெய்து வகுப்பில் பயன்படுத்தாதீர்கள். பெண் சிசுக்கொலை நடந்ததால்தான் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது என்று நமக்குத் தெரியும்.

அவங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கல?

நிச்சயம் ஆனது. சார்லஸ் மாரிசன் என்ற இளம் மிஷன் ஆசிரியர், அவரைவிட வயதில் சின்னவர். உடம்பு முடியாத அவரைக் காட்டுப்பகுதிக்கு அனுப்ப மிஷன் சம்மதிக்கவில்லை. மேரி ஒக்கோயோங்கை விட்டு வர மாட்டேன் என்றார். அதோடு முடிந்தது.

வெள்ளைக்கார ஆட்சிக்கு உதவி பண்ணவங்கதானே இவங்களும்?

ஆமாம், அதையும் மறைக்க வேண்டாம். 1892-இல் பிரிட்டிஷ் அரசு அவரை ஒக்கோயோங்குக்கு வைஸ் கான்சல், அதாவது அரசின் உள்ளூர்ப் பிரதிநிதி, ஆக்கியது. பிற்பாடு உள்ளூர் நீதிமன்றத்திலும் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தார். கோபம் வந்தால் தலைவர்களைக் காதோடு சேர்த்து அறைந்தும் இருக்கிறார். ராணுவம் வராமல் பேசித் தீர்க்கலாம் என்பது அவர் எண்ணம், பல இடத்தில் அது உயிர்களைக் காத்தது. ஆனால் அவர் போட்ட ஒற்றையடிப் பாதையில் அரசாங்கமும் பின்னாலேயே வந்தது. அவர் அதை வரவேற்கவும் செய்தார். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுகிறேன். கேட்க வேண்டிய கேள்விதான். அங்குள்ளவர்கள் அவரை ‘மா’ என்று அழைத்ததும் உண்மை, இதுவும் உண்மை.

அவங்களை முன்னேத்துனது விசுவாசமா, மன உறுதியா?

பட்டிமன்றத் தலைப்பு மாதிரி வருடம் தவறாமல் வருகிறது. மன உறுதி அவருக்கு இயல்பிலேயே இருந்தது. செம்பட்டை முடி, சுள்ளென்ற கோபம், பிடித்த பிடியை விடாத குணம். அதே உறுதியுள்ள ஆயிரம் பெண்கள் டண்டி மில்களில் இருந்திருப்பார்கள், பல் விழும்வரை தறியிலேயே நின்று முடிந்தவர்கள்.

விசுவாசம் என்றால் மனதுக்குள் நடப்பது மட்டும் என்று நினைக்கிறோம். மேரிக்கு அது நாலு சுவரும் நாலு மனுஷருமாகத்தான் வந்தது. ராத்திரியில் வீட்டை விட்டு வெளியே இருக்க ஒரு ஆலய அறை. வாசிக்கப் புத்தகம் கொடுத்தவர்கள். ‘உன்னால் முடியும், நீ வகுப்பெடு’ என்று பொறுப்பை ஒப்படைத்த சபை. உலகத்தின் இன்னொரு மூலையைக் காட்டிய பத்திரிகை. மில்காரியையும் சம்பளம் கொடுத்து அனுப்பத் துணிந்த ஒரு மிஷன். ‘கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார்’ என்று அவர் சொன்னால், அந்தக் கைகள் யாருடைய கைகள் என்று நாம் கேட்கலாம். நம் சபையில் அப்படி எத்தனை கைகள் இருக்கின்றன என்று கேட்டால் கமிட்டிக்குப் பிடிக்காது.

கஷ்டம் எல்லாம் நன்மைக்குத்தான்னு பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. பட்டவர் பின்னாளில் தன் வாயால் சொன்னால் அது சாட்சி. பட்டுக்கொண்டிருக்கிறவரிடம் அடுத்தவர் சொன்னால் அது வாயடைப்பு. சாப்பாட்டைத் தீயில் எறிந்தது நல்லதற்காக நடந்தது என்று எந்த மனதோடு ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது? எடிம் வீட்டு முற்றத்தில் அந்தப் பழைய ராத்திரிகள் பயன்பட்டன என்பது வரை சொல்லலாம். அதற்காகத்தான் அவை நடந்தன என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

எங்க அப்பாவும் அப்படித்தான். தகப்பனைக் கனம்பண்ணுன்னு வேதத்துல இருக்கே, வெளிய சொன்னா பாவமா?

பாவம் இல்லை. கனம்பண்ணுவது வேறு, மூடிமறைப்பது வேறு. அடிபடும் விஷயத்தை, பசியை, பயத்தை ஒரு பெரியவரிடம் சொல்வது அப்பாவை அவமானப்படுத்துவது ஆகாது. அவருக்கும் வைத்தியம் கிடைக்க அதுதான் முதல் படியாக இருக்கும். அப்பா குடிப்பதற்கு நீ காரணமில்லை. உன் மார்க்கோ, உன் சண்டையோ, உன் ஜெபக் குறைவோ காரணமில்லை.

ராத்திரியில் பயமாக இருந்தால் 1098, பிள்ளைகளுக்கான உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, உன் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். அடி விழும் நேரத்தில் ஓடிப்போய் நிற்க ஒரு வீட்டை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள், பக்கத்து வீட்டு ஆச்சியானாலும் சரி. தம்பி தங்கைக்கும் அந்த வீட்டைக் காட்டி வை. நடுவில் போய்த் தடுக்காதே.

பள்ளிக்கூடத்தில் பிடித்த டீச்சரிடம் சொல்லலாம். என்னிடம் சொல்வதென்றால், ஞாயிறு பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகும் அரை மணி நேரம் ஹாலில் பாய் சுருட்டிக்கொண்டுதான் இருப்பேன். ஒரு முனையை நீ பிடி. சுருட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, பேசுவது சுலபமாக இருக்கும்.